நின்றாரா, நிறுத்தப்பட்டாரா?

1

1957 ஜனவரியில் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்லில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனார். போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். மார்ச் மாதம்தான் மில்லுக்குத் திரும்ப முடிந்தது. ஊர்ப்பக்கத்து அரசு மருத்துவர் கொடுத்த சான்றிதழைக் கையில் வைத்திருந்தார். மில்லின் மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரண்டு மாதமாக நோயில் கிடந்தார் என்பதைத் தன்னால் உறுதிசெய்ய முடியாது என்றார். வேலை போய்விட்டது.

லீவு முடிந்து வராதவருக்கு வேலை போவது அந்தக் காலத்தில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. அது போன விதம்தான் கவனிக்க வேண்டியது. நிர்வாகம் அவரை டிஸ்மிஸ் செய்யவில்லை. சார்ஜ் மெமோ கிடையாது, விசாரணை கிடையாது. மில்லின் நிலையாணைகளில் ஒரு விதி இருந்தது. அனுமதி இல்லாமல் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராத தொழிலாளி, முன்னறிவிப்பு இல்லாமல் தானாகவே வேலையை விட்டுப் போனவராகக் கருதப்படுவார். திருப்தியான விளக்கம் கொடுத்தால் அந்த நாட்களைச் சம்பளமில்லாத லீவாக மாற்றலாம் என்றும் அதில் இருந்தது. யாருக்குத் திருப்தி என்றால், நிர்வாகத்துக்கு.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நோய்க்காலத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொல்கிறதே என்பது தொழிலாளி தரப்பு வாதம். 1963இல் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. இங்கே முதலாளி எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை, தொழிலாளி வராததால் நிலையாணையின்படி வேலை தானாக முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவச் சான்றிதழோடு மில் வாசலில் வந்து நிற்கிற ஆள், சட்டத்தின் கண்ணில், வேலை வேண்டாம் என்று போனவர்.

ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ தன்வினை, பிறவினை படித்திருப்போம். நின்றான், தன்வினை. நிறுத்தினான், பிறவினை. வேலை விஷயத்தில் நம் பேச்சுத்தமிழ் இந்த வித்தியாசத்தை ரொம்பக் கறாராக வைத்திருக்கிறது. "அவரு வேலைய விட்டு நின்னுட்டாரு" என்று சொன்னால் கேட்பவர், "ஓ, வேற நல்ல வேலை கெடச்சிருச்சா?" என்பார். "நிறுத்திட்டாங்க" என்றால் அடுத்த கேள்வி, "ஏன்?"

அந்த 'ஏன்' தான் இந்தக் கட்டுரையின் விஷயம். நியாயமில்லாத வேலைநீக்கத்துக்கு எதிராக இந்தியாவில் உருவான சட்டங்களின் வரலாற்றை ஒரே வரியில் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன்: ஆளை அனுப்பும் முதலாளியிடம் காரணம் கேட்கிற உரிமையைத் தொழிலாளிகள் நூறு வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும், 'நிறுத்தினோம்' என்பதை 'நின்றுவிட்டார்' என்று எழுத யாரோ ஒருவர் புது வழி கண்டுபிடித்திருக்கிறார்.

2

தொடக்கத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. தொழிலாளி வேலையை விட்டு நிற்பதே குற்றம்.

1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், வேலையாட்கள் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வழி செய்தது. ஒன்று பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லை வேலையைச் செய்து தீர்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதம் வரை சிறை. கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களுக்காகக் கொண்டுவந்த இந்தச் சட்டம் பின்னர் தோட்டங்களிலும் பயன்பட்டது. முதலாளி ஆளை அனுப்பினால்? அது வெறும் ஒப்பந்த விஷயம். நோட்டீஸ் கொடுக்காமல் அனுப்பியிருந்தால் சிவில் கோர்ட்டில் நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கு வழக்குப் போடலாம். 'என்னைத் திரும்ப வேலையில் சேர்' என்று கேட்க முடியாது. தனிப்பட்ட உழைப்பை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற வைக்கக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. ஓடிப்போனவரைப் பிடித்துவந்து வேலை வாங்கலாம், துரத்தப்பட்டவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்ல முடியாது. 1859 சட்டம் 1925இல்தான் ரத்தானது.

அந்த ரத்துக்குச் சில வருடங்கள் முன்பு அதே பெரம்பூரில் ஒரு சம்பவம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். ஜி. செல்வபதி செட்டியார், ஜி. ராமாஞ்சலு நாயுடு ஆகியோரின் முயற்சி. தலைவர் பி.பி. வாடியா. திரு.வி.க. கூடவே இருந்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது போன்ற, இன்று கேட்டால் சின்னதாகத் தெரிகிற குறைகளிலிருந்துதான் ஆரம்பம்.

1920 இறுதியில் மில்லில் கதவடைப்பு வந்தது. நிர்வாகத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறும்படி வாடியாவும் மற்றவர்களும் தூண்டினார்கள், நஷ்ட ஈடு வேண்டும் என்று வழக்கு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் வாடியா தொழிற்சங்க வேலையிலிருந்து விலகினால் வழக்கைக் கைவிடுவதாகச் சமரசம் ஏற்பட்டது. இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்றைய சட்டத்தில் சங்கம் என்ற ஒன்றே இல்லை. ஒரு தொழிலாளியை எதற்காக அனுப்பினாய் என்று கூட்டாகக் கேட்பதும், கேட்பதற்காக வேலையை நிறுத்துவதும், ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிற சதிக்குள் அடங்கிவிடும்.

1921இல் மில்லில் மறுபடி நீண்ட வேலைநிறுத்தம். அது சாதி வழியாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் மோதலும் தீவைப்பும் துப்பாக்கிச்சூடும் நடந்தன. தொழிலாளர் வரலாற்றைப் பெருமையாக மட்டும் எழுத நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிடுவார்கள். சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கூட்டத்தின் பலத்தை மட்டுமே நம்பி இருக்கும் உரிமை, கூட்டம் பிளந்த அன்று போய்விடும்.

1921 மார்ச்சில் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருடம் கழித்து, 1926இல், தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18ஆம் பிரிவு, தொழில் தகராறு நடக்கும்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகச் சொல்லி, பதிவுபெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்றது. பெரம்பூர் வழக்குக்கான பதில் அந்த ஒரு பிரிவுதான்.

3

சங்கம் வைக்கலாம் என்று ஆனதே தவிர, வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர் திரும்பிப் போக வழி இல்லை. அந்த வழி 1947இல் வந்தது. 1947 ஏப்ரல் 1 முதல் அமலான தொழில் தகராறுகள் சட்டம், சுதந்திரத்துக்கு நாலரை மாதம் மூத்தது. யுத்தகாலத்தில் வேலைநிறுத்தங்களைக் கட்டுப்படுத்தப் போட்ட 81ஏ விதியின் வாரிசு. அதாவது தொழிலாளி மேல் இரக்கப்பட்டுப் பிறந்த சட்டம் அல்ல. உற்பத்தி நிற்கக் கூடாது, தகராறு வந்தால் அரசாங்கம் அதை ஒரு ட்ரிப்யூனலுக்கு அனுப்பும் என்பதுதான் ஏற்பாடு.

ட்ரிப்யூனல் எந்த அளவுக்குப் போகலாம்? பம்பாயில் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. நீக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்ல ட்ரிப்யூனலுக்கு அதிகாரம் இல்லை, ஒப்பந்தத்தை இரு தரப்பு மேலும் திணிக்க முடியாது என்றது நிர்வாகம். 1949இல் ஃபெடரல் கோர்ட் அதை ஏற்கவில்லை. தொழில் தகராறு என்பதன் இலக்கணத்தில் 'வேலையில் இருப்பது' மட்டுமல்ல, 'வேலையில் இல்லாதிருப்பது' பற்றிய தகராறும் அடக்கம். வேலையில் இல்லாத ஒருவரின் தகராறுக்குத் தீர்வு அவரை வேலையில் சேர்ப்பதாகவும் இருக்கலாம் என்றது. ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை அன்றைக்கு ஆலை வாசலோடு நின்றுபோனது. சிவில் கோர்ட் தர மறுத்ததை ட்ரிப்யூனல் தரலாம்.

அதே 1947இல் மதராஸ் மாகாணம் தன் பங்குக்கு ஒன்று செய்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் அனுப்பக் கூடாது. நடத்தைக் குற்றம் என்று விசாரித்து நிரூபித்தால் நோட்டீஸ் வேண்டாம். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கும் ஹோட்டல் சர்வருக்குமாக எழுதப்பட்ட பிரிவு. 'நியாயமான காரணம்' என்ற இரண்டு சொற்களை அதில் எழுதிவைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

4

இதற்குப் பிறகு வந்த தடை கொஞ்சம் விசித்திரமானது. காரணம் கேட்கலாம், ஆனால் தனியாளாகக் கேட்க முடியாது.

அலகாபாத்தில் ஒரு பத்திரிகை நிறுவனத்தில் வேலை செய்த லைனோடைப் தொழிலாளி, திறமை போதாது என்று 1952இல் நீக்கப்பட்டார். உடன் வேலை பார்த்தவர்கள் அவர் வழக்கைக் கையில் எடுக்கவில்லை. வெளியிலிருந்த பத்திரிகையாளர் சங்கம் ஒன்று எடுத்தது. 1957இல் உச்ச நீதிமன்றம், இது ஒரு தனிமனிதரின் தகராறு, தொழில் தகராறு ஆகாது என்றது. அடுத்து நம்மூர்ப் பத்திரிகை. 'தி இந்து'வின் பம்பாய் அலுவலகத்தில் இருந்த ஒரு பத்திரிகையாளரை நிர்வாகம் நீக்கியது. பம்பாய்ப் பத்திரிகையாளர் சங்கம் வழக்கை நடத்தியது. 1961இல் அதே பதில். அந்த நிறுவனத்தின் ஊழியர்களே கணிசமாகச் சேர்ந்து ஆதரித்தால்தான் அது தொழில் தகராறு. ஊரில் உள்ள சங்கம் ஆதரித்தால் போதாது.

நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். உங்களைத் தூக்கிவிட்டார்கள். உங்களுக்காக யார் கையெழுத்துப் போட வேண்டும்? இன்னும் அங்கே வேலையில் இருப்பவர்கள். அடுத்து நம்ம சீட்டும் கிழிஞ்சிடுமோ என்ற பயத்தில் இருப்பவர்கள். சங்கத்துக்கு வேண்டாதவர், சாதியில் தனியாள், சங்கமே இல்லாத சின்னக் கம்பெனியில் இருப்பவர், இவர்களுக்கெல்லாம் கதவு மூடியே இருந்தது. 1921 புளியந்தோப்பு சொன்ன பாடத்தைச் சட்டம் இன்னும் படிக்கவில்லை.

1965இல் நாடாளுமன்றம் 2ஏ என்ற சின்னப் பிரிவைச் சேர்த்தது. டிசம்பர் 1 முதல் அமல். ஒரு தொழிலாளியை நீக்கினால், வேறு யாரும் ஆதரிக்காவிட்டாலும், சங்கம் கட்சியாகச் சேராவிட்டாலும், அது தொழில் தகராறுதான். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றின் மிகப் பெரிய நாள் அதுதான். தனியாக நிற்கும் ஒரு ஆள், தன் பெயரில், ஏன் என்று கேட்கலாம்.

அப்போதும் அவர் நேரே லேபர் கோர்ட்டுக்குப் போக முடியாது. சமரச அதிகாரி, பிறகு அரசாங்கம், அரசாங்கம் அனுப்பினால்தான் கோர்ட். தமிழ்நாடு 1988இல் மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, சமரசம் தோற்றால் நேரே போகலாம் என்றது. நாடு முழுவதற்கும் அது 2010இல்தான் வந்தது.

5

கேட்கிற உரிமை கிடைத்த பிறகு, பதிலை எடைபோடுகிற உரிமை யாருக்கு?

1958இல் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. நிர்வாகம் உள்விசாரணை நடத்தித் தண்டித்திருந்தால், ட்ரிப்யூனல் நாலே சந்தர்ப்பத்தில்தான் தலையிடலாம்: நல்லெண்ணம் இல்லாதபோது, பழிவாங்கல் இருக்கும்போது, அடிப்படைத் தவறோ இயற்கை நீதி மீறலோ நடந்தபோது, ஆதாரமே இல்லாத முடிவுக்கு வந்தபோது. விசாரணை ஒழுங்காக நடந்திருந்தால், சூப்பர்வைசரிடம் சத்தம் போட்டதற்காக இருபது வருடத் தொழிலாளியின் வேலையைப் பறித்தாலும் ட்ரிப்யூனல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

1971இல் 11ஏ பிரிவு வந்து அந்தக் கோட்டை அழித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1963இல் வெளியிட்ட 119ஆம் பரிந்துரை இதற்கு ஒரு தூண்டுதல். லேபர் கோர்ட் சாட்சியத்தைத் தானே பார்க்கலாம். குற்றம் உண்மை, ஆனால் தண்டனை அதிகம் என்று தோன்றினால் குறைக்கலாம். திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம்.

குற்றமே செய்யாத தொழிலாளிக்கு, ஆட்குறைப்பில் போகிறவருக்கு, 1953இல் 25எஃப் வந்திருந்தது. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை அனுப்ப வேண்டுமென்றால், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம். கூடவே முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். பத்து வருடம் உழைத்தவருக்கு 150 நாள், ஐந்து மாதச் சம்பளம். கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது 25ஜி. பிறகு ஆள் எடுத்தால் போனவருக்கு முன்னுரிமை என்பது 25ஹெச்.

'இந்தியாவில் ஒரு ஆளைக்கூட வேலையை விட்டு அனுப்ப முடியாது, அதனால்தான் யாரும் ஆள் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்' என்று பொருளாதாரம் பேசும் நண்பர்கள் சொல்வதுண்டு. அந்த வாதத்தில் பொருள் இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் நூறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி. 1976இல் முந்நூறு பேர் என்று தொடங்கி, பிறகு நூறாக இறங்கிய விதி. நஷ்டத்தில் ஓடும் ஆலை முதலாளி கோட்டையில் கோப்பு நகரக் காத்திருப்பது உண்மையான சிரமம். ஆனால் மற்ற எல்லோருக்கும் சட்டம் கேட்டது காரணம், நோட்டீஸ், ஐந்து மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை, இவ்வளவுதான். அனுப்பாதே என்று அது சொல்லவே இல்லை. அனுப்புவதென்றால் 'நான் அனுப்பினேன்' என்று எழுதிக் கொடு என்றது.

6

அதை எழுதத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வழி, நியமன உத்தரவிலேயே முடிவுத் தேதியைப் போட்டுவிடுவது. ஸ்டேட் பேங்கில் தற்காலிக கேஷியராக விட்டு விட்டு வேலை பார்த்த ஒருவரின் கடைசி நியமனம் ஒன்பது நாளுக்கு. ஒன்பது நாள் முடிந்தது, வேலையும் முடிந்தது. மொத்த நாட்களைக் கூட்டினால் 240 வருகிறது. நாங்கள் யாரையும் நீக்கவில்லை, காலம் முடிந்தது, அவ்வளவுதான் என்றது வங்கி. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். வங்கி மேலே போனது. 1976இல் தீர்ப்பு எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர். சட்டம் 'எந்தக் காரணத்துக்காக இருந்தாலும்' என்று சொல்கிறது, ஆகவே முதலாளி முடித்தாரா, உத்தரவில் இருந்த தேதி முடித்ததா என்று பார்க்க வேண்டாம், வேலை முடிந்தது என்பதே போதும் என்பது அவர் வாதத்தின் சாரம். தன்வினையாக எழுதினாலும் பிறவினையாகத்தான் படிப்பேன் என்று ஒரு நீதிபதி சொன்ன இடம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

எட்டு வருடம் தாங்கியது. 1984இல் ஒரு திருத்தம், ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பு ஆகாது என்றது. சட்டப் புத்தகத்தில் இரண்டு சின்ன எழுத்துகள் கொண்ட உட்பிரிவு. இன்று 'கான்ட்ராக்ட்' என்ற சொல்லோடு வேலை பார்க்கும் லட்சக்கணக்கானவர்களின் தலையெழுத்து அதில் இருக்கிறது.

இன்னொரு வழி, அந்த எட்டு நாள் விதி. 1982இல் தெற்கு ரயில்வே சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், வரவில்லை என்று பெயரை அடித்துவிடுவதும் ஆட்குறைப்புதான் என்றது உச்ச நீதிமன்றம். முழு முடிவு 1993இல் வந்தது. ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியில் ஒரு தொழிலாளி, 1980 டிசம்பரில் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று நிலையாணைப்படி வேலை இழந்தார். அவர் சொன்னது: "தினமும் வந்தேன். கேட்டிலேயே தடுத்துவிட்டார்கள்." விசாரணை வைத்திருந்தால்தானே அது உண்மையா பொய்யா என்று தெரியும்? நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும், ஒருவரின் பிழைப்பை எடுக்கும்முன் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும், அது உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். மீண்டும் வேலை, பாதிப் பின்சம்பளம்.

பெரம்பூரில் எட்டு நாள், இங்கேயும் எட்டு நாள். முதல் தீர்ப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவே முப்பது வருடம். பெரம்பூர்த் தொழிலாளிக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை.

7

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஐ.டி.யில் நாங்கள் வேலையை விடுவதைப் 'பேப்பர் போடுவது' என்போம். நல்ல ஆஃபர் வந்தால் பேப்பர் போடுவோம். சில சமயம் எங்களைப் போடச் சொல்வார்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்பது தேவையில்லை. என் பக்கத்து கியூபிக்கிளில் இருந்தவர், என்னைவிடச் சீனியர், அண்ணா என்று கூப்பிடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் ரூமுக்கு அழைத்தார்கள். பன்னிரண்டரைக்கு வெளியே வந்தார். உள்ளே இரண்டு தெரிவுகள் கொடுத்தார்களாம். இப்போதே ராஜினாமா மெயில் அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளமும் சுத்தமான ரிலீவிங் லெட்டரும். இல்லையென்றால் டெர்மினேஷன், பின்னால் பேக்கிரவுண்ட் செக்கில் அது தெரியும். "யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றதற்கு, "இல்ல, இங்கயே அனுப்பிட்டுப் போங்க" என்றிருக்கிறார்கள். மெயிலின் வாசகத்தையும் அவர்களே கொடுத்தார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று. "சொந்தக் காரணம்னா என்னடா, எனக்கே தெரியல" என்று லிஃப்டில் சிரித்தார். ஹோம் லோன் எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அந்த மெயில் ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். தானாக விலகுவது ஆட்குறைப்பு அல்ல, ஆகவே 25எஃப் இல்லை. டிஸ்மிஸ் அல்ல, ஆகவே 11ஏ இல்லை. யாரும் நீக்கவில்லை, ஆகவே 2ஏ இல்லை. காரணம் சொல்ல வேண்டியவர் இடம் மாறிவிட்டார். நூறு வருடமாகத் தொழிலாளி முதலாளியிடம் கேட்டுவந்த 'ஏன்' என்ற கேள்விக்கு இப்போது தொழிலாளியே பதில் எழுதித் தருகிறார், இரவல் வாசகத்தில். எட்டு நாள் விதிக்கு எட்டு நாளாவது தேவைப்பட்டது.

மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமா ஆகாது என்பதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் மிரட்டினார்கள் என்று காட்ட வேண்டிய பாரம் கையெழுத்துப் போட்டவர் மேல். மூடிய அறைக்குள் போன் கொண்டுபோகக்கூட விடாத இடங்கள் உண்டு.

"நமக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்தாது ப்ரோ" என்பது எங்கள் ஆட்களிடம் இருக்கும் உறுதியான நம்பிக்கை. அது சரியல்ல. 'தொழிலாளி' என்பதற்குச் சட்டம் தரும் இலக்கணத்தில் உடலுழைப்பு மட்டும் இல்லை, தொழில்நுட்ப வேலையும் எழுத்து வேலையும் இருக்கின்றன. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், ஒரு வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும்தான் வெளியே. விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல், அன்றாடம் செய்த வேலை என்ன என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கும். மேனேஜர் என்ற பட்டத்தோடு நாள் முழுக்க பக் சரிசெய்பவர் தொழிலாளிதான்.

2014 கடைசியில் ஒரு பெரிய நிறுவனத்தில் கும்பலாக ஆட்களை அனுப்பியபோது சென்னையில் இது வெளிப்படையாகப் பேசப்பட்டது. 2015 ஜனவரியில், கர்ப்பிணியாக இருந்த ஒரு ஊழியரின் வேலைநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 2016இல் தமிழக அரசு, ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து இந்தத் துறைக்கு விலக்கு எதுவும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. 1918இல் மில் தொழிலாளிகள் சங்கம் வைத்த ஊரில், தொண்ணூற்றெட்டு வருடம் கழித்து, எங்களுக்கும் வைக்கலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

8

இந்தச் சட்டங்களின் பெரிய பலவீனம் காலம். 1980இல் வேலை இழந்தவருக்கு 1993இல் நீதி. பதிமூன்று வருடம் ஒருவர் எதைத் தின்று வழக்கு நடத்துவார்? லேபர் கோர்ட்டில் ஜெயித்தவரை மேல்கோர்ட்டுக்கு இழுத்தால் அதுவரை கடைசிச் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டிரு என்ற 17பி பிரிவு 1984இல் அமலுக்கு வந்தது இதற்காகத்தான். 2000க்குப் பிறகு நீதிமன்றங்களின் மனநிலையும் மாறியது. திரும்பவும் வேலை என்பதற்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை என்ற தீர்ப்புகள், குறிப்பாகத் தினக்கூலிகளின் வழக்குகளில், அதிகமாயின. 2013இல் ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில், தவறான வேலைநீக்கம் என்றால் மீண்டும் வேலையும் பின்சம்பளமும்தான் பொது விதி என்று உச்ச நீதிமன்றம் மறுபடி நினைவூட்ட வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 21 முதல் 1947 சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றியது. அரசு அனுமதிக்கான வரம்பு நூறிலிருந்து மறுபடி முந்நூறு. நீக்கப்பட்டவர் ட்ரிப்யூனலை அணுகும் கெடு மூன்று வருடத்திலிருந்து இரண்டு. குறிப்பிட்ட கால வேலை என்பது ஒரு முறையான வகையாகவே உள்ளே வந்துவிட்டது. தனியாள் தகராறு எழுப்பும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. 1965இன் அந்தச் சின்னப் பிரிவை யாரும் தொடவில்லை.

ஆனால் அந்த உரிமையின் சாவி ஒரே ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. நீக்கப்பட்டேன் என்று சொல்பவருக்குத்தான் கதவு திறக்கும். விலகினேன் என்று எழுதிக் கொடுத்தவர் முதலில் தன் வாக்கியத்தோடு வழக்காட வேண்டும். மீட்டிங் ரூமில் இவ்வளவு அவசரம் காட்டுவது அதனால்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்பவர் வீட்டுக்குப் போவார், யாரிடமாவது பேசுவார், ஏன் என்று கேட்டு ஒரு மெயில் போடுவார். கேட்டுவிட்டால் பதில் எழுத வேண்டியவர் மறுபடி மாறிவிடுவார்.